அட்ரஸ் பாரில் வருகிறது, பக்கத்தில் வரவில்லை

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அக்கா மகள் அவளுடைய ஆசிரியையின் போனிலிருந்து அனுப்பியிருந்தாள். பள்ளிக் கணினியின் திரையைச் சாய்வாகப் பிடித்து எடுத்த படம். கட்டம் கட்டமாக 38 பெட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மாவட்டத்தின் பெயர், பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. கூடவே ஒரு வரி: "மாமா, எல்லாம் காலியா இருக்கு. திங்கக்கெழம எக்ஸிபிஷன். மிஸ் கிட்ட என்ன சொல்ல?"

அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் ஆளுக்கொரு பெட்டி. பக்கம் திறந்ததும் தமிழ் விக்கிப்பீடியாவின் ஏபிஐயை (நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் வாசல்) கூப்பிட்டு, அந்தந்த மாவட்டக் கட்டுரையின் முன்னுரைப் பத்தியை எடுத்துவந்து பெட்டியில் போட வேண்டும். மேலே ஒரு தேடல் பெட்டி. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அதன் முன்னுரை வர வேண்டும். சர்வர் கிடையாது, இன்ஸ்டால் செய்ய எதுவும் கிடையாது. பென் டிரைவில் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. இரண்டு முறை கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும். அதுதான் திட்டம்.

சோதிக்காமல் கொடுக்கவில்லை. மூன்று விதமாகச் சோதித்திருந்தேன், மூன்றிலும் சரியாக வந்தது. அதனால்தான் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

மூன்று சோதனைகளும் ஏன் பொய் சொல்லவில்லை

முதல் சோதனை அட்ரஸ் பாரில். விக்கிப்பீடியாவின் ஏபிஐக்குச் சாவி, கணக்கு, பதிவு எதுவும் வேண்டாம். தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஏபிஐ.பிஎச்பி என்ற கோப்பின் பெயரைப் போட்டு, கேள்விக்குறிக்கு அப்புறம் நமக்கு வேண்டியதைச் சொன்னால் போதும்: செயல் 'குவெரி', தலைப்பு இன்னது, வேண்டியது 'எக்ஸ்ட்ராக்ட்ஸ்', அதிலும் முன்னுரை மட்டும், வடிவம் ஜேசன், அதாவது நிரல்கள் படிக்கத் தோதான உரை வடிவம். வடிவத்தைச் சொல்லாமல் விட்டால், மனிதர்கள் படிப்பதற்காக வண்ணம் பூசிய எச்டிஎம்எல் பக்கமாக அதே ஜேசனைக் காட்டும். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு 'ஜேசன் வருகிறது' என்று நம்பி நிரலில் மாட்டிக்கொள்வது உண்டு. வடிவப் பதிப்பு 2 என்றும் சேர்த்துச் சொல்வது நல்லது. சொல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் எல்லாம் பின்சாய்கோடும் எண்ணுமாக வந்து நிற்கும். நிரலுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. கண்ணால் பார்த்துச் சோதிப்பவனுக்குத்தான் வேதனை.

அரியலூர் மாவட்டத்தைக் கேட்டேன், வந்தது. திருவண்ணாமலை, நீலகிரி, இரண்டும் வந்தன.

இரண்டாவது சோதனை, விக்கிப்பீடியாவே வைத்திருக்கும் ஏபிஐ மணல்தொட்டி. சிறப்புப் பக்கங்களில் ஒன்றாக இருக்கிறது. கட்டங்களை நிரப்பி, பொத்தானை அழுத்தினால், போன முகவரியையும் வந்த பதிலையும் காட்டும். அங்கும் சரி. மூன்றாவதாக, தமிழ் விக்கிப்பீடியா திறந்திருந்த டேபிலேயே எஃப்12 அழுத்தி, நிரல்வரிகளை ஓட்டிப் பார்க்கும் கன்சோலில், இணையத்திலிருந்து தகவலைக் கேட்டு வாங்கும் ஃபெட்ச் கட்டளையை எழுதி ஓட்டினேன். இது ஜாவாஸ்கிரிப்டிலிருந்தே போகும் அழைப்பு, என் பக்கம் செய்யப்போவதும் இதையேதான் என்று நினைத்தேன். அதுவும் வந்தது.

வந்த ஜேசனில் அந்த மூன்று மாவட்டங்களைச் சேமித்து, அதை வைத்தே பக்கத்தின் அழகு வேலைகளை முடித்தேன். கடைசியில் சேமித்த கோப்பை எடுத்துவிட்டு நேரடி அழைப்பைப் போட்டேன். மணி பன்னிரண்டு. திறந்து பார்க்காமல் பென் டிரைவில் ஏற்றினேன். பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூன்று சோதனைகளும் தங்களிடம் கேட்ட கேள்விக்கு நேர்மையாகத்தான் பதில் சொன்னன. அட்ரஸ் பார் சொன்னது: சேவை உயிரோடு இருக்கிறது, முகவரி சரி. மணல்தொட்டி சொன்னது: நீ கொடுத்த அளவுருக்கள் (கேள்விக்குறிக்கு அப்புறம் சொன்னவை) சரி. விக்கிப்பீடியா டேபின் கன்சோல் சொன்னது: உன் ஃபெட்ச் கட்டளையில் எழுத்துப்பிழை இல்லை. 'வேறொரு இடத்தில் பிறந்த பக்கம் இந்தப் பதிலைப் படிக்கலாமா?' என்ற கேள்வியை நான் யாரிடமும் கேட்கவே இல்லை. மணல்தொட்டியும் அந்தக் கன்சோலும் விக்கிப்பீடியாவின் வீட்டுக்குள்ளேயே இருப்பவை. வீட்டுக்குள் இருப்பவர்களை யாரும் வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை. அட்ரஸ் பாரில் தட்டுவதும் அப்படியே. அங்கே கூப்பிடுவது ஒரு பக்கம் இல்லை, நாம்.

என் பக்கம் பிறந்த இடமோ பென் டிரைவ். கோப்பை நேரடியாகத் திறந்தால் அதன் பிறப்பிடத்தை பிரவுசர் 'நல்' (வெறுமை) என்றுதான் சொல்லும். ஊர் பேர் இல்லாதவன்.

சிவப்பு வரி

அன்று மாலை அதே கோப்பை என் மடிக்கணினியில் திறந்தேன். அதே 38 காலிப் பெட்டிகள். கன்சோலில் சிவப்பு வரி: அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஒரிஜின் என்ற ஹெட்டர் (பதிலோடு சேர்ந்து வரும் குறிப்பு வரி) பதிலில் இல்லை, ஆகவே தடை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. பயர்பாக்ஸின் நெட்வொர்க் டேபில் பார்த்தால் ஸ்டேட்டஸ் 200, அதாவது 'எல்லாம் சரி', என்றுதான் இருந்தது. கோரிக்கை போயிருக்கிறது, சர்வர் பதிலும் அனுப்பியிருக்கிறது. பதில் என் பிரவுசர் வரை வந்து, அங்கே தடுக்கப்பட்டிருக்கிறது. தடுத்தது சர்வர் இல்லை, என் பிரவுசர்.

ஒரு பக்கம் இன்னொரு தளத்தின் தகவலைத் தன் இஷ்டத்துக்குப் படிக்கக்கூடாது என்ற இந்த விதி 1995-ல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் காலத்திலிருந்தே உண்டு. இல்லாவிட்டால், வங்கிக் கணக்கை ஒரு டேபில் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு டேபில் ஏதோ ஒரு விளையாட்டுத் தளத்தைத் திறந்தால், அந்தத் தளம் உங்கள் குக்கீயின் (உள்நுழைந்திருப்பது நீங்கள் என்று காட்டும் அடையாளச் சீட்டு) தயவில் வங்கிப் பக்கத்தைக் கேட்டுப் படித்துவிடும். பிறகு வந்த கோர்ஸ் என்ற ஏற்பாடு இதற்கு முறையான விலக்கைக் கொடுத்தது: பதில் தரும் தளமே 'இன்னார் படிக்கலாம்' என்று ஹெட்டரில் எழுதி அனுப்பினால், பிரவுசர் வழிவிடும்.

விக்கிப்பீடியா அப்படி எழுதித் தரும், ஆனால் கேட்டால்தான் தரும். கேட்கும் விதம் எளிது. முகவரியில் 'ஒரிஜின்' என்ற அளவுருவைச் சேர்த்து, அதன் மதிப்பாக ஒரு நட்சத்திரக் குறியைப் போட வேண்டும். 'நான் யாரென்று பார்க்க வேண்டாம், என்னைப் பெயர் தெரியாதவனாகவே வைத்துக்கொள்' என்று அதற்கு அர்த்தம். விக்கிப்பீடியாவில் நீங்கள் உள்நுழைந்திருந்தாலும், இந்த அழைப்பு உள்நுழையாதவரின் அழைப்பாகவே நடத்தப்படும். பொதுத் தகவல் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் கவனிப்புப் பட்டியல் போன்ற சொந்தச் சமாச்சாரம் கிடைக்காது. ஊர் பேர் இல்லாத என் கோப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதெல்லாம் ஏபிஐயின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அளவுருப் பட்டியலில் ஒரிஜினுக்கு நீளமான விளக்கமே உண்டு. நான் அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் அன்று மாலை நான் முதலில் போனது உதவிப் பக்கத்துக்கு இல்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், சிவப்பு வரியைக் கண்டதும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: ஃபெட்ச் கட்டளையில் 'நோ-கோர்ஸ்' என்ற பாங்கை (மோட்) போட்டேன். சிவப்பு வரி மறைந்தது, பெட்டிகள் காலியாகவே இருந்தன. அந்தப் பாங்கு தடையை நீக்குவதில்லை, 'பதிலைப் படிக்கவே மாட்டேன், அனுப்பினால் போதும்' என்று நம்மை எழுதிக்கொடுக்க வைக்கிறது. கையில் வருவது மூடி முத்திரை வைத்த உறை. ஸ்டேட்டஸ் 0, உடல் காலி. பிழைச் செய்தியாவது வழி காட்டியது, இது அதையும் அடைத்துவிட்டது. கால் மணி நேரம் போச்சு.

இன்னொரு யோசனையும் எல்லோரும் சொல்வார்கள்: நடுவில் யாரோ நடத்தும் இலவசப் ப்ராக்ஸி வழியாகக் கூப்பிடு என்பது. பள்ளிப் பிள்ளைகள் தட்டும் ஒவ்வொரு தேடலும் முகம் தெரியாத ஒருவரின் சர்வர் வழியாகப் போக வேண்டுமா? சேவையே நேர்வழி வைத்திருக்கும்போது அதைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

நட்சத்திரத்தைப் போட்டதும் பெட்டிகள் நிரம்பின. எல்லாம் இல்லை.

இருபதும் பதினெட்டும்

எண்ணிப் பார்த்தேன். 20 பெட்டிகளில் பத்தி இருந்தது, 18 காலி. காலியானவை அகர வரிசையின் வாலில் மொத்தமாக இருந்திருந்தால் உடனே புரிந்திருக்கும். நடுநடுவே சொத்தைப் பல் மாதிரி கிடந்தன. அந்த 18 கட்டுரைகளில் முன்னுரையே இல்லையோ என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

விஷயம் இரண்டு வேறு வேறு வரம்புகள். ஒரே அழைப்பில் 50 தலைப்புகள் வரை கேட்கலாம்; தலைப்புகளுக்கு நடுவில் நிமிர்ந்த கோடு போட்டுப் பிரித்தால் போதும். அதை நம்பித்தான் 38 அழைப்புகளுக்குப் பதில் ஒரே அழைப்பாக அனுப்பினேன். அது சரியான வழியும்கூட: இலவசமாகக் கிடைக்கும் பொதுச் சேவையை ஒரே நேரத்தில் 38 முறை தட்டுவது மரியாதை இல்லை. ஆனால் முன்னுரைப் பத்தி தருகிற பகுதி தனி நீட்சி, அதற்குத் தனி வரம்பு. ஒரு தடவைக்கு 20 முன்னுரைதான் தரும். மீதி 18 பக்கங்களின் பெயரும் எண்ணும் பதிலில் இருக்கும், பத்தி மட்டும் இருக்காது.

சேவை இதை மறைக்கவில்லை. பதிலின் உச்சியிலேயே 'கன்டின்யூ' என்றொரு பொருள் இருந்தது. அதற்குள் 'எக்ஸ்கன்டின்யூ' என்ற பெயரில் ஓர் எண். அதற்குள் இருப்பதை அப்படியே அடுத்த அழைப்பில் சேர்த்து அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்தத் தொகுதிக்கு உரியது எல்லாம் வந்து முடிந்ததும் 'பேட்ச்கம்ப்ளீட்' என்று ஒரு குறிப்பு வரும். அது வரும்வரை கூப்பிட வேண்டும். மூன்று மாவட்டங்களை வைத்துச் சோதித்தவனுக்கு இது எப்படித் தென்படும்? அவனுடைய ஜேசனில் கன்டின்யூவே கிடையாது.

இரண்டாவது தடவை வரும் பதிலிலும் 38 பக்கங்களின் பெயர்களும் இருக்கும், பத்தி மட்டும் மிச்சமிருந்தவற்றுக்கு இருக்கும். அதை அப்படியே பெட்டிகளில் கொட்டினால் முதலில் வந்த 20 அழிந்துபோகும். பத்தி இருந்தால் மட்டும் எழுது என்று ஒரு நிபந்தனை போட்டேன். தவிர, நாம் கேட்ட வரிசையில் பக்கங்கள் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. பெட்டியையும் பதிலையும் தலைப்பை வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சின்னக் கணக்கு. முகவரியில் போகும் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாறும். ஆக, ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து. கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் 'சென்னை', கணினிக்கு ஆறு குறியீடு. முகவரியில் 54 எழுத்து. 'மாவட்டம்' என்ற சொல் மட்டும் 72. முப்பத்தெட்டு மாவட்டங்களையும் கோத்தபோது முகவரி சுமார் ஆறாயிரம் எழுத்தைத் தொட்டது. பல சர்வர்கள் எட்டாயிரத்துச் சொச்சத்தில் 'முகவரி நீளம்' என்று கையை விரித்துவிடும். ஆங்கிலத் தலைப்பு 50-ஐ அனுப்புகிறவருக்கு இந்தக் கவலையே வராது. நமக்கு வரும். வந்தால், கேட்பதை முகவரியில் வைக்காமல் கோரிக்கையின் உடலில் வைக்கும் போஸ்ட் முறையில் அனுப்பலாம், ஏபிஐ ஏற்றுக்கொள்ளும். ஒரிஜின் அளவுருவை மட்டும் உடலுக்குள் தள்ளாமல் முகவரியிலேயே விட்டுவைக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை 38 பெட்டியும் நிரம்பின. கோப்பை அனுப்பிவிட்டு, தூங்கலாம் என்று படுத்தேன்.

புத்தர் இல்லை என்றது

"மாமா, மாவட்டம் எல்லாம் வந்துடுச்சு. ஆனா தேடுறதுல புத்தர் வரல. கட்டுரை இல்லைன்னு சொல்லுது."

"கௌதம புத்தருக்கு இல்லாமலா இருக்கும்? ஸ்பெல்லிங் பாத்தியா?"

"பாத்துட்டேன் மாமா. மிஸ் குடுத்த கொஸ்டின் பேப்பர்ல இருந்து காப்பி பண்ணிதான் போட்டேன்."

நான் என் கையால் தட்டிப் பார்த்தேன். வந்தது. அவள் அனுப்பியதை ஒட்டிப் பார்த்தேன். 'மிஸ்ஸிங்'. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து உற்றுப் பார்த்தேன். எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஸ்டேட்டஸ் எண்ணும் கைகொடுக்கவில்லை, 200. இந்த ஏபிஐ பொதுவாக எல்லாவற்றுக்கும் 200 சொல்லும். பக்கம் இல்லை என்றாலும் 200, அளவுருவைத் தப்பாகக் கொடுத்தாலும் 200. இல்லை என்ற சேதியும் பிழைச் சேதியும் ஜேசனுக்குள்தான் இருக்கும். ஃபெட்சில் 'ஓகே' மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிற நிரல்கள் இங்கே ஏமாறும். என்னுடையது மிஸ்ஸிங்கைக் கவனித்து 'கட்டுரை இல்லை' என்று சொன்னது. அதுவரைக்கும் சரி.

கண் சொல்லாததைக் கன்சோல் சொன்னது. இரண்டு சொற்களின் குறியீட்டு எண்களையும் வரிசையாகக் கேட்டேன். நான் தட்டிய 'கௌதம': 2965, 3020, 2980, 2990. வினாத்தாளிலிருந்து வந்த 'கெளதம': 2965, 3014, 2995, 2980, 2990. நான்குக்குப் பதில் ஐந்து. முதலாவதில் 3020 என்பது ஔகாரக் குறி, ஒரே குறியீடு. இரண்டாவதில் 3014 என்பது ஒற்றைக் கொம்பு, 2995 என்பது ளகரம். அதாவது அவள் தேடியது 'கெ-ள-த-ம'. அப்படி ஒருவர் பிறக்கவில்லை என்று சேவை சொன்னது நியாயம்தான்.

தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. அச்சிலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளை யூனிகோடுக்கு மாற்றும்போது ளகரம் ளகரமாகவே வந்துவிடுகிறது. ஔவையாரும் இப்படித்தான் 'ஒளவையார்' ஆகிறார். யூனிகோடு, ஔகாரத்தின் பின்பாதிக்கென்றே 3031 என்று தனிக் குறியீடு வைத்திருக்கிறது. கொம்போடு அந்த 3031 வந்திருந்தால் என்எஃப்சி என்ற இயல்பாக்கம் இரண்டையும் சேர்த்து 3020 ஆக்கிவிடும். கொம்பும் காலும் தனித்தனியாக வரும் ஒகரக் குறிக்கும் அதே வைத்தியம், சேவையே செய்துகொள்ளும். ஆனால் ளகரம் என்பது ளகரம். எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது, தொடவும் கூடாது.

சில தலைப்புகளுக்கு விக்கிப்பீடியர்கள் இந்தப் பிழை எழுத்துக்கூட்டலிலிருந்து வழிமாற்று போட்டு வைப்பார்கள். அதற்காகவே அழைப்பில் 'ரீடைரக்ட்ஸ்' அளவுருவையும் சேர்த்தேன். ஆனால் எல்லாத் தலைப்புக்கும் அவர்கள் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் எல்லா இடத்திலும் ஔகாரமாக மாற்றிவிடலாம் என்று கை பரபரத்தது. 'வெள்ளி' என்ன ஆகும்? 'தெளிவு', 'கெளுத்தி'? இவற்றில் ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருக்கிறது. அப்படி இருந்தால் தொடாதே என்று விதியைத் திருத்தினேன். திருப்தியோடு நிமிர்ந்தபோது மனசுக்குள் ஒரு குரல் 'கெளம்பு' என்றது. பேச்சு வழக்கில் கிளம்பு கெளம்பு ஆகும். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியும் இல்லை, குறியும் இல்லை. என் விதி அதை 'கௌம்பு' ஆக்கிவிடும். விளங்காது என்பதை வெளங்காது என்று எழுதினாலும் இதே கதிதான்.

கடைசியில், தீர்ப்புச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். ஒரே அழைப்பில் 50 தலைப்பு கேட்கலாம் என்று இருக்கும்போது, சந்தேகம் வந்தால் இரண்டையும் கேட்டுவிட வேண்டியதுதானே? தட்டியது ஒன்று, ஔகாரமாக மாற்றியது ஒன்று, நடுவில் நிமிர்ந்த கோடு. எது இருக்கிறதோ அதைக் காட்டு. இரண்டும் ஒரே பக்கத்துக்கு வழிமாறிப் போனால் ஒன்றாகவே வரும். கூடுதல் அழைப்பு எதுவும் இல்லை, செலவு முகவரியில் இன்னும் கொஞ்சம் எழுத்துகள்.

கையோடு இன்னும் இரண்டு வேலை. வந்த பத்தியை எச்டிஎம்எல்லாகச் செருகாமல் வெறும் உரையாகக் கேட்டு, வெறும் உரையாகவே எழுதினேன். யாரும் திருத்தக்கூடிய தளத்திலிருந்து வருவதை அப்படித்தான் கையாள வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் கட்டுரையின் சுட்டியும், கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன்-ஷேர்அலைக் 4.0 என்ற உரிமக் குறிப்பும் போட்டேன். இலவசம் என்பதற்கும் உரிமையாளர் இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பள்ளியில் நெட் படுத்துக்கொண்டால் காட்ட, ஞாயிற்றுக்கிழமை எடுத்த 38 பத்திகளைக் கோப்புக்குள்ளேயே வைத்து, எடுத்த தேதியையும் எழுதினேன்.

இந்தத் தடவை, கொடுக்கும் முன் பென் டிரைவிலிருந்து நேரடியாகத் திறந்து பார்த்தேன். நான் என்றைக்குமே விக்கிப்பீடியாவில் உள்நுழையாத ஒரு பிரவுசரில், 38-ஐயும் சேர்த்து.

திங்கட்கிழமை காலை ஏழேகால். வாசலில் பையை மாட்டிக்கொண்டே அக்கா மகள் என் மடிக்கணினியில் கடைசியாக ஒரு தடவை சோதித்தாள். வினாத்தாளில் இருந்த கெளதமரை ஒட்டினாள், புத்தர் வந்தார். பிறகு குறும்பாக என்னைப் பார்த்துவிட்டு 'கெளம்பு' என்று தட்டினாள்.

"மாமா, கெளம்பும் இல்லையாம், கௌம்பும் இல்லையாம்."

"சரியாத்தான் சொல்லுது. வேன் வந்துடுச்சு பாரு, கெளம்பு."